ஆறு மைல் நல்ல தண்ணீர்

புயல் நிவாரணத் தொண்டனுக்குச் சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் தவறாமல் கிடைக்கும். வாங்கிக் கட்டிக்கொண்ட அன்பர்களே, நானும் உங்களில் ஒருவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஓர் ஐப்பசி, புயலடித்த கடலோரக் கிராமம் ஒன்றுக்கு, ஸ்ரீரங்கத்து வாத்தியாரான நானும் பொன்மலை ரயில் பட்டறைத் தொழிலாளி அந்தோணியும் போனோம்.

அரிசி

சித்திரை வீதியில் வீடு வீடாக ஏறி இறங்கி மூன்று மூட்டை சேர்த்தோம். ரயில் போகிறவரை ரயில். அப்புறம் ஆறு மைல் மாட்டுவண்டி. ஊரில் மிஞ்சிய ஒரே கட்டடம் பள்ளிக்கூடம். அதன் மூலையில் வள்ளி என்கிற நிறைமாதக்காரி படுத்திருந்தாள், தலைப்பிரசவம். அவளுக்குக் கஞ்சி வைக்கச் சொல்லி, பெருமையாக மூட்டையை அவிழ்த்தேன். மருத்துவச்சி ஒரு கை அள்ளிப் பார்த்தாள். வெளியே விறகும் வைக்கோலும் சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தன.

"அரிசி நல்லாத்தான் இருக்கு சாமி. எரிக்கக் காஞ்ச குச்சி ஒண்ணு கொண்டாந்தீங்களா?"

புளியோதரை

அடுத்த நடை புத்திசாலித்தனமாக, இரண்டு நாள் கெடாத புளியோதரையைக் கூடை கூடையாகக் கொண்டுபோனோம். எல்லாரும் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்கள். கால் மணி கழித்துத்தான் எனக்கு உறைத்தது. கடல் புகுந்து கிணறெல்லாம் உப்பு. அதுவரை குடித்துவந்த, புயலில் விழுந்த இளநீரும் முந்தின நாளோடு தீர்ந்துவிட்டதாம். வள்ளிக்கு வலி கண்டிருந்தது. உதடு வெடித்து, நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சே வரவில்லை. அவள் புருஷன் கோபப்படக்கூட இல்லை.

"பசி அடங்கிடுச்சு சாமி. தாகத்துக்கு என்ன வச்சிருக்கீங்க?"

பீப்பாய்

நல்ல தண்ணீர் ரயிலடியில்தான் இருந்தது. ஓட்டமாக ஓடி, ஒரு பீப்பாயை நிரப்பி வண்டியில் ஏற்றினோம். திரும்புகையில், அதற்குள் உடைத்துக்கொண்டிருந்த வாய்க்காலைக் கண்டு மாடுகள் மிரண்டு நின்றுவிட்டன. அந்தோணி பீப்பாயின் மூடியைப் பெயர்த்து, வண்டியிலிருந்த இரண்டு குடங்களில் ஊற்றினான். பிறந்ததிலிருந்து குடம் சுமந்தறியாத நான், ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு நீரில் இறங்கினேன். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் சிந்தியது.

போய்ச் சேர்ந்தபோது குழந்தை அழுதுகொண்டிருந்தது. தாயிடம் அசைவில்லை. மருத்துவச்சி துணியை நனைத்து அவள் உதட்டில் பிழிந்தாள், மறுபடியும் பிழிந்தாள். மூன்றாம் தடவை தொண்டை அசைந்தது. வெட்கமில்லாமல் அழுதேன். வள்ளி கண்ணைத் திறந்தாள்.

"இன்னும் இருக்கா?"

என்ன வேண்டும் என்று முதல் நாளே கேட்டிருந்தால் ஒரே நடையில் முடிந்திருக்கும். அது எங்களுக்கு விளங்குவதற்குள் வள்ளி பிள்ளையே பெற்றுவிட்டாள்.