என்ஜினை அணைக்கத் தெரியாதவன்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். இருபத்தாறு வருஷமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, "பிரேக்! பிரேக்! ஐயோ, பிரேக்குங்க!" என்று கத்திச் சோறு தின்பவன். என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. படிக்க வந்தவர் மிதிப்பதற்குள் நான் மிதித்துவிடுவேன். கார் தானாக நிற்காது என்பதே என்னிடம் படித்தவர்களுக்கு லைசென்ஸ் வாங்கிய பிறகுதான் தெரியவருகிறது என்று ஊரில் கேலி பேசுகிறார்கள். என் சொந்த மகளே மூன்று நாள் என்னிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, நாலாம் நாள் எதிர்த்தெருப் பயிற்சிப் பள்ளியில் போய்ச் சேர்ந்துகொண்டாள். முதல் தடவையே தேறியும் விட்டாள்.

ஊருக்கெல்லாம் நிறுத்தக் கற்றுத்தருகிற எனக்கு, ஞாயிற்றுக்கிழமை நீர்த்தேக்கத்தில் படகு ஏறினால் மட்டும் நிறுத்தத் தெரியாது.

அங்கே பாஸ் என்றொரு மீன் இருக்கிறது. பெரிய வாய், அதைவிடப் பெரிய பசி. வெயில் தணிகிற மாதங்களில் அது கூட்டமாகச் சேர்ந்து, விரல் நீளப் பொடிமீன்களை ஆழத்திலிருந்து துரத்தி, கரையே இல்லாத நடு நீரில் மேலே ஏற்றிவிடும். பொடிமீனுக்கு அதற்குமேல் போக இடமில்லை. தண்ணீர் உலைபோலக் கொதிக்கும், பறவைகள் வந்து விழும். எல்லாம் ஒரு நிமிஷம், மிஞ்சிப்போனால் இரண்டு. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல நீர் படுத்துவிடும்.

அப்போது என்ன செய்ய வேண்டும்? எட்டத்திலேயே என்ஜினை அணைக்க வேண்டும். காற்றோடு மெல்ல மிதந்து போக வேண்டும். கொதிப்பைத் தாண்டி விழுகிற மாதிரி, பொடிமீன் அளவிலேயே உள்ள போலி மீனைத் தூண்டிலில் மாட்டி வீசி, விறுவிறுவென்று இழுக்க வேண்டும். பரீட்சை வைத்தால் நான் நூற்றுக்கு நூறு. ஆனால் தண்ணீர் கொதிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், என் கை தானாக என்ஜினை முறுக்கிவிடும். நேராகக் கூட்டத்தின் உச்சந்தலையில் போய் நிற்பேன். அப்புறம் அங்கே நுரையும் நானும்தான் இருப்போம். கூடவே மற்ற படகுக்காரர்களின் வசவும்.

"சார், உங்க டிரைவிங் ஸ்கூல் போர்டைப் படகுல மாட்டிக்கங்க. தூரத்துலயே பாத்து ஒதுங்கிடுவோம்ல" என்றார் ஒருமுறை, பக்கத்துப் படகில் மீன் பிடிக்க வந்திருந்த எங்கள் ஊர் பேக்கரிக்காரர். அவர் தூண்டிலில் அப்போதுதான் மீன் மாட்டவிருந்ததாம்.

கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் என் மகள் போன மாதம் ஒருநாள் தனியாக வந்து இறங்கினாள். கேட்டதற்கு, "லீவுப்பா" என்றாள். மாப்பிள்ளை வரவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், துணி மடித்தாள். மடித்த துணியையே எடுத்து மறுபடி மடித்தாள். நான் அவள் அறை வாசலையே சுற்றிச் சுற்றி வந்தேன்.

"அவளா சொல்லுவா. நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் என் மனைவி.

சும்மா இருப்பதா? நானா? காலையில் காபி கொடுக்கும்போது, "மாப்பிள்ளையோட சண்டையாம்மா?" என்றேன். மத்தியானம், "வேலையை விட்டுட்டியா?" ராத்திரி, "அவருக்கு நானே ஒரு போன் போட்டுக் கேக்கட்டா?" மறுநாளிலிருந்து அவள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்ச் சாப்பிட ஆரம்பித்தாள். பத்து நாள் இப்படியே போயிற்று. பெற்ற பெண் பக்கத்து அறையில் வாடிக்கொண்டிருக்கிறாள், அப்பன்காரனுக்குக் காரணம் தெரியாது. அந்தப் பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதினோராம் நாள் சனிக்கிழமை. தூண்டில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவளாக வந்து நின்றாள்.

"நாளைக்கு நானும் படகுல வரட்டாப்பா?"

"வாம்மா, வா! தாராளமா வா!" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

ஞாயிறு காலை நடு நீருக்குப் போய்ச் சேர்ந்தோம். வேறு படகே இல்லை. அவள் முன்பக்கம் உட்கார்ந்து தண்ணீரில் கையை அளைந்துகொண்டிருந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அரை மணி நேரம்! என் வாழ்நாள் சாதனை.

"அப்பா, ஒரு விஷயம் சொல்லணும்."

"என்ன? அடிச்சானா உன்னை? சொல்லு, இப்பவே கிளம்பறேன்!"

அவள் என்னைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லப்பா" என்று திரும்பிக்கொண்டாள்.

அட மடையா என்று என்னை நானே திட்டிக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் பறவைகள் விழுந்தன. தண்ணீர் கொதித்தது. புத்தி வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. முறுக்கினேன், பாய்ந்தேன். நுரை மட்டும் மிச்சம். ஆத்திரத்தில் என்ஜினை அணைத்தேன். இரண்டு நிமிஷத்தில் இன்னொரு பக்கம் கொதித்தது. உடனே என்ஜினைக் கிளப்புகிற கயிற்றைப் பிடித்துப் பத்துத் தடவை வெடுக்கு வெடுக்கென்று இழுத்ததில் என்ஜினுக்குப் பெட்ரோல் அடைத்துக்கொண்டது. இனி கால் மணி நேரம் அது மூச்சுவிடாது.

ஆகவே பின்னால் நடந்தது எதுவும் என் ஞானோதயத்தால் நடந்ததல்ல. என்ஜின் செத்துப்போனது. அவமானத்தில் எனக்கும் வாய் அடைத்துப்போனது. காற்று எங்களைத் தள்ளிக்கொண்டு போயிற்று.

"மூணு மாசம் முடியறப்போ கலைஞ்சிடுச்சுப்பா" என்றாள், தண்ணீரைப் பார்த்தபடி. "நாலாவது மாசம் உங்ககிட்ட சொல்லலாம்னு வச்சிருந்தோம்."

"எந்த டாக்..." வரைக்கும் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்தேன், வலித்தது.

அவள் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு நாள். மாப்பிள்ளை தரையில் துண்டு விரித்துப் படுத்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவர் அழுத அழுகையைப் பார்க்க முடியாமல்தான் இவள் கிளம்பி வந்தது. அடிச்சானா என்று நான் கேட்டேனே, அந்த மனுஷனை.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அன்னைக்கே தெரியும்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீங்க அந்த நிமிஷமே கிளம்பி வந்திருப்பீங்க. டாக்டர்கிட்ட சண்டை போட்டிருப்பீங்க, உங்க மாப்பிள்ளையைத் திட்டியிருப்பீங்க. அப்புறம் உங்களைச் சமாதானம் பண்ற வேலையும் எனக்குத்தான் வந்திருக்கும். எனக்கு அப்ப தெம்பில்லப்பா."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. மனைவி, மகள், மாப்பிள்ளை என்று மூன்று பேர் எனக்குப் பயந்து, அதைவிடக் கேவலம், எனக்காகப் பாவப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலையைத் தடவத்தான் தெரிந்தது, தடவினேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன்.

அப்போது பார்த்துப் படகைச் சுற்றிலும் தண்ணீர் கொதித்தது. கை நீட்டினால் தொடுகிற தூரம். பொடிமீன்கள் துள்ளிப் படகுக்குள்ளேயே விழுந்தன. பாஸ் ஒவ்வொன்றும் முழங்கை நீளம். என் ஆயுளில் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. ஒரு கண் மீன்மேல் போனது, பொய் சொல்ல மாட்டேன். கை மட்டும் அவள் தலையிலேயே இருந்தது.

"அப்பா, மீனு."

"இருக்கட்டும்மா."

"பிடிங்கப்பா. நான் பாட்டுக்கு அழுதுக்கறேன்."

"வேண்டாம்மா. நீ சொல்லு."

சொன்னாள். மீன்கள் தின்று முடித்துப் போய்விட்டன. என்ஜின் எப்போதோ தயாராகியிருக்கும், நான் தொடவில்லை. வெயில் உச்சிக்கு ஏறிய பிறகுதான் கரைக்குத் திரும்பினோம்.

கதவைத் திறந்த மனைவி வழக்கம்போல, "மீன் கிடைச்சுதா?" என்றாள்.

"இல்ல" என்றேன்.

நான் அதோடு நிறுத்திக்கொண்டதை அவளால் நம்ப முடியவில்லை. மேற்கொண்டு ஏதாவது வருமா என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மகள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"சொல்லிட்டியா?"