கல்யாண வண்டிக்குப் போட்ட புது புஷ்

என்னிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இரண்டே சீட். கூரை கிடையாது, மழை வந்தால் துணியை இழுத்து மூடிக்கொள்ள வேண்டும். கள்ளிக்குப்பத்துத் தெருவில் அதை எடுத்தால் நாய்கூட எழுந்து நின்று பார்க்கும். பார்க்கட்டும் என்றுதானே வாங்கினேன்! அந்தக் காரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டால் அவருக்கு டீ வாங்கிக் கொடுக்காமல் விடமாட்டேன்.

கோவில்பதாகையில் இருக்கும் என் நண்பன் அப்படி நிறைய டீ குடித்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில், ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள் நாங்கள். அவன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, மாப்பிள்ளை அழைப்புக்குத் தாங்களே பெரிய கார் ஏற்பாடு செய்வதாகப் பெண் வீட்டார் சொன்னார்கள். வசதியான குடும்பம். இவன் வேண்டாம் என்றுவிட்டான். என் காரை மனதில் வைத்துக்கொண்டு, "எங்க கிட்டயே வண்டி கீதுங்க" என்றானாம். பெண்ணின் தாய்மாமன் நிச்சயதார்த்தத்திலேயே அவனை மேலும் கீழுமாகப் பார்த்திருக்கிறார். அவர் முன்னால் இந்த ஒன்றிலாவது தலைநிமிர்ந்து நிற்கவேண்டும் என்பது அவன் ஆசை. என்னிடம் அதை மறைக்காமல் சொன்னான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை வண்டியின் சட்டத்தோடு சேரும் இடங்களில் ரப்பர் புஷ் இருக்கும். பள்ளத்தில் விழுகிற அதிர்ச்சியை அதுதான் வாங்கிக்கொள்ளும். அவை கொஞ்சம் தேய்ந்திருந்தன. ரப்பரிலேயே புதிது போட்டிருந்தால் போதும். எனக்குக் கொழுப்பு. ரேஸ் வண்டிக்குப் போடுகிற கெட்டியான பாலியூரிதேன் புஷ்தான் வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். வளைவில் வண்டி ரோட்டைக் கவ்விப் பிடிக்குமாம். மாப்பிள்ளை அழைப்பில் எந்த வளைவில் பறக்கப்போகிறாய் என்று ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

கல்யாணத்துக்கு முந்தைய சனிக்கிழமை விடியற்காலையில் வேலையை ஆரம்பித்தேன். பழைய புஷ்களைத் தட்டிக் கழற்றுவதற்குள் என் தோளே கழன்றுவிட்டது. புதியவற்றோடு கிரீஸ் மாதிரி பிசுபிசுவென்று ஒரு பசை வந்திருந்தது. அதை உள்ளே தாராளமாகப் பூசித்தான் மாட்டவேண்டும். பின்பக்கம் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பூசினேன். முன்பக்கத்துக்கு வரும்போது நண்பனும் அவன் மனைவியும் எலுமிச்சம்பழம், கற்பூரத்தோடு வந்து நின்றார்கள். கல்யாண வண்டி அல்லவா, புதுச் சாமான் போட்டு முதல் முதலில் எடுப்பது ஒன்பது மணிக்குள் இருக்கவேண்டும், அதற்கு மேல் ராகு காலம். "சீக்கிரம் மச்சான், டைம் ஆயிகினே கீது" என்று அவன் வாட்சைப் பார்க்கப் பார்க்க எனக்கும் அவசரம் தொற்றிக்கொண்டது. முன்பக்கத்துப் புஷ்களைப் பசை பூசாமலே சொருகி நட்டை முறுக்கினேன். அப்புறம் கழற்றிப் பூசிக்கொள்ளலாம் என்று நினைப்பு. சக்கரம் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வெளியே வந்தது. வண்டியில் நான் ஒருவன்தான், ஒரு சத்தமும் இல்லை. சத்தம் வராததால் அப்புறம் கழற்றவும் இல்லை.

மறுநாள் சாயங்காலம், பூந்தமல்லியில் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலம். வண்டி முழுக்கப் பூச்சரம். மாப்பிள்ளை பின்னால் மடித்து வைத்த துணிக் கூரையின் மேல் ஏறி உட்கார்ந்தான். பக்கத்து சீட்டில் மாப்பிள்ளைத் தோழன். நடக்கிற வேகத்தில் கிளம்பினேன். முதல் வேகத்தடையில் ஏறியதுமே முன்பக்கத்திலிருந்து க்ரீச்சென்று ஓர் அலறல், காலை மிதித்துவிட்ட நாய்க்குட்டி மாதிரி. வேகத்தடையைத் தாண்டியும் அது நிற்கவில்லை. ஆள் பாரம் ஏறியதில் காய்ந்த புஷ் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் கத்தியது. கெட்டி புஷ் ஒரு குலுக்கலையும் விழுங்கவில்லை. மாப்பிள்ளை ஒரு கையால் தலைப்பாகையையும் மறு கையால் சீட்டையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பேண்டுக்காரர்கள் பாட்டு மாற்றுவதற்காக நிறுத்தியபோது எங்கள் கச்சேரி மட்டும் தெருவெல்லாம் கேட்டது. பெண் வீட்டு ஆட்கள் சிரித்தார்கள். நண்பன் ஓடிவந்து, "இன்னா மச்சான், வண்டி இப்டி அயுவுது?" என்றான். வெட்கத்தில் அவன் முகத்தைக்கூட என்னால் பார்க்க முடியவில்லை. அவனே பேண்டுக்காரர்களிடம் போய், "நிறுத்தாம அடிங்கப்பா" என்று கெஞ்சினான்.

மண்டப வாசலில் மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்துப் போனார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். தாய்மாமன் நாலு பேரோடு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "யாருப்பா இதுக்கு ஓனரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"மாப்பிள்ளை வீட்டு வண்டிங்க. நான் டிரைவர்" என்றேன்.

அது எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை என எழுத எனக்கும் ஆசைதான். நன்றாகவே தெரியும். அந்தச் சிரிப்பு என் மேல் விழக்கூடாது, வேறு யார் மேலாவது விழட்டும். அவ்வளவுதான் என் யோக்கியதை.

நண்பன் எனக்குப் பின்னால் நின்றிருக்கிறான். வண்டி கொடுத்ததற்காக வாசலிலேயே எனக்குப் போர்த்தவேண்டும் என்று பொன்னாடையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். நான் சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது என்பது, திரும்பிப் பார்த்தபோது அவன் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"இந்த ஓட்டை வண்டிய வச்சிகிட்டுத்தான் எங்க கார வேணாம்னீங்களா, சம்பந்தி?" என்றார் தாய்மாமன்.

ஒரே வார்த்தையில் அவன் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். பொன்னாடையை மடித்து அக்குளில் செருகிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினான். "தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம வண்டிதான். நான்தான் சரியா பாக்காம வுட்டுட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பி, அவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, "டிரைவரு, வண்டிய ஓரமா வுட்டுட்டு சாப்புட போங்க" என்றான்.

அப்போதாவது இறங்கி உண்மையைச் சொல்லியிருக்கலாம். தாய்மாமன் பார்த்துக்கொண்டிருந்தார். "சரிங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.