பத்தரை மணிப் பால்

அமிர்தவள்ளி ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினான்கு வருடமாகப் பசை தடவுகிறாள். பசை நெடி நெஞ்சில் தங்கக் கூடாதென்று, போன வருடம் முதல் காலை பத்தரைக்கு ஆளுக்கொரு டம்ளர் பால் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். நெடியை வெளியேற்றும் காற்றாடியைவிடப் பால் மலிவு. குடித்தே ஆக வேண்டும். ஆடிட்டுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் அந்த நோட்டைப் பார்ப்பார்கள்.

பதினொன்றேகாலுக்கு அவள் வயிறு உப்பும், முறுக்கும், பிறகு போகும். எழுபது பெண்களுக்கு ஒரே கழிப்பறை டோக்கன். அதை அடிக்கடி எடுத்ததற்காக அவளுக்கு இரண்டு மெமோ வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

"கேஸ்தான்க்கா, சோடா குடி" என்றாள் பக்கத்து மேசை ஹெலன்.

"அல்சர். என் மாமியாருக்கு இப்டித்தான்" என்று சொல்லிவிட்டு, சூப்பர்வைசர் ஜெயசீலன் டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆலங்காயத்தில், வயிற்றில் சிக்கிய சாப்பாட்டைத் தொக்கம் எடுப்பவர் வயிற்றை நீவி, ஊதி, ஒரு கோழித் துண்டை வெளியே எடுத்துக் காட்டினார்.

"கோழி தின்னு ரெண்டு மாசம் ஆவுதேங்க."

"அதான் ஜீரணம் ஆவல."

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் சோபனாதான் முதலில் கேள்வி கேட்டார். தூக்கத்தில் எழுப்புகிறதா, ரத்தம் போகிறதா, எடை குறைகிறதா? எதுவும் இல்லை. மலப் பரிசோதனையில் கிருமியும் இல்லை.

"உப்புசம், வலி, பேதி எல்லா வயித்துக் கோளாறுக்கும் பொதும்மா. எதுக்கப்புறம் வருதுன்னு பாத்தாதான் பிரிக்க முடியும். ஒரு வாரம் பால் குடிங்க, ஒரு வாரம் விடுங்க. தினம் எழுதிட்டு வாங்க."

முதல் வாரம் ஆறு நாளும் வயிறு போனது. ஞாயிறு வீட்டில் பால் இல்லாத வர டீ, ஒன்றுமில்லை. இரண்டாவது வாரம் தன் பாலை ஹெலன் டம்ளரில் ஊற்றினாள். ஹெலனுக்குக் கன்னத்தில் சதை போட்டது. அமிர்தவள்ளி டோக்கனைத் தொடவே இல்லை. ஜெயசீலன் பார்த்துவிட்டார். மூன்றாவது மெமோ, பால் குடிக்காததற்கு.

விசாரணையில் மேனேஜர் கௌதம் முன்னால் தான் தினம் எழுதிய நோட்டையும், பால் ஒத்துக்கொள்ளாதென்ற டாக்டர் சீட்டையும் வைத்தாள்.

"குடிச்சா கக்கூசுக்குப் போறேன்னு மெமோ. குடிக்கலன்னா அதுக்கும் மெமோ. நான் இன்னா சார் பண்றது?"

"பால் நெடியை முறிக்கும்மா. உங்க நல்லதுக்குத்தான்."

"நெடி நுரையீரலுக்குப் போவுது, பால் வயித்துக்குப் போவுது. ரெண்டும் எங்க சார் சந்திக்குது?"

கௌதம் எம்.பி.ஏ. படித்தவர். யோசித்தும் அந்த இடம் பிடிபடவில்லை. அடுத்த வாரம் ஆடிட் வேறு. மூன்று மெமோவையும் கிழித்தார்.

அமிர்தவள்ளிக்குப் பாலுக்குப் பதில் வடிகட்டி வைத்த முகமூடி வந்தது. மற்ற அறுபத்தொன்பது பேருக்கு இன்னும் பால்தான். அதில் பதினேழு பேர் இப்போது நோட்டு போட்டு எழுதுகிறார்கள்.