லேனார்க் இளவரசனைக் கூட்டிப்போனவள்

பூமியின் தென்கோடியில், கேன்டர்பரி சமவெளியில் வசந்தம் வருவதை ஆட்டுக்குட்டிகளுக்கு முன்பே செய்தித்தாள் அறிவித்துவிடும். செப்டம்பர் பிறந்தால் ஒரு பக்கம் முழுக்கப் பொலிகுதிரை விளம்பரங்கள்தான். ஒவ்வொரு குதிரைக்கும் அப்பன், பாட்டன், முப்பாட்டன் பெயர்கள் இருக்கும். ஸ்காட்லாந்தில் எந்தப் பொருட்காட்சியில் யார் என்ன பரிசு வாங்கினார் என்ற விவரமும் இருக்கும். அங்கே குடியேறியிருந்த மனிதர்களில் பாதிப் பேருக்குப் பாட்டன் பெயரே சரியாகத் தெரியாது. தெரிந்தவர்களில் சிலர் வெளியே சொல்லிக்கொள்ள விரும்பவில்லை. குதிரைகளுக்கு அந்தச் சங்கடம் இல்லை.

அவற்றில் பேர்போனது நினியன் ஹாடோவின் லேனார்க் இளவரசன். வண்டியும் ஏரும் இழுக்கும் கிளைட்ஸ்டேல் இனம், செம்பழுப்பு உடம்பு, குளம்பை மூடித் தொங்கும் வெள்ளை மயிர். விளம்பரத்தில்தான் இளவரசன், வீட்டில் சாண்டி. வசந்தம் முழுக்க நினியன் அதைப் பண்ணை பண்ணையாக நடத்திப்போவான். காத்திருக்கும் பெட்டைக்குதிரைகளுக்கு அதைப் பொலிக்கு விட்டுவிட்டு, வழியிலிருக்கும் சாராயக்கடைகளில் அதன் நலனுக்காகக் குடிப்பான். ஒரு குளிர்காலக் கடைசியில் அப்படிக் குடித்துவிட்டு வாய்க்கால் ஓரம் படுத்தவனுக்கு மார்ச்சளி கண்டது. வாரம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தான்.

அந்த வருட விளம்பரம் அதற்குள் அச்சாகிவிட்டது. இளவரசன் வருவான் என்று போட்டிருந்ததே தவிர, யார் கூட்டிவருவார் என்று போடவில்லை.

கிரிசல், நினியனின் மனைவி, அதை இரண்டு தடவை படித்தாள். கப்பலில் வந்து இறங்கிய நாளிலிருந்து அந்தக் குதிரைக்குத் தீனி வைத்தவள், தேய்த்துவிட்டவள், வயிற்றுவலி வந்தபோது தொழுவத்திலேயே படுத்தவள் அவள்தான். புருஷனின் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டாள். கை நீளமாக இருந்தது, மடித்துவிட்டாள். கயிற்றைப் பிடித்துக் கிளம்பினாள்.

முதல் பண்ணை ராபர்ட் டன்லப்புடையது. டன்லப் தேவாலயச் சபையில் மூப்பர், சாலை வாரியத்தில் உறுப்பினர். அவர் வீட்டில் பொலிகுதிரை என்ற சொல்லையே அந்தக் காலத்தில் பெண்கள் காதுபடச் சொல்ல மாட்டார்கள். “துரை வந்திருக்கார்” என்பார்கள். உடனே பெண்கள் உள்ளே போய்ச் சன்னல் திரையை இழுத்துவிட்டு, எதற்காக இழுத்தோம் என்று தெரியாதவர்கள்போல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஊர் வழக்கமே அதுதான்.

டன்லப் வாசலுக்கு வந்து கோட்டைப் பார்த்தார், கோட்டுக்குள் இருந்தவளைப் பார்த்தார்.

“குதிரையை யாரும்மா கூட்டிட்டு வந்தது?”

“நான்தாங்கய்யா.”

“அது தெரியுது. கூட ஆம்பளை யாரு?”

“இதோ, சாண்டி.”

டன்லப்பின் காது சிவந்தது. “இதெல்லாம் ஒரு பொம்பளை கண்ணால பாக்குற காரியமா? உள்ள போய் எஃபிகூட உக்காரும்மா. நான் பாத்துக்கறேன்.”

“அவன் உங்களுக்கு அடங்கமாட்டான்யா.”

“நான் பாக்காத குதிரையா?”

கிரிசல் உள்ளே போனாள். டன்லப்பின் மனைவி எஃபி திரையை இழுத்துவிட்டு டீ ஊற்றினாள். வெளியே முதலில் டன்லப்பின் அதட்டல் கேட்டது, பிறகு வேலி முறியும் சத்தம், பிறகு மூப்பர் வாயில் வரக்கூடாத ஒரு வார்த்தை. எஃபி சர்க்கரையை நகர்த்தி வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் டன்லப் சமையலறை வாசலில் நின்றார். தொப்பியைக் காணோம். சட்டையின் ஒரு கையையும் காணோம்.

“உன் குதிரை முட்டைக்கோசு பாத்தியில நிக்குது. கொஞ்சம் வா.”

“பொம்பளை பாக்கக் கூடாதுன்னீங்களே.”

அவர் யோசித்தார். மூப்பர் என்பதால் எதற்கும் ஒரு வழி கண்டுபிடிக்கக்கூடியவர். “பாக்க வேணாம். இங்கேருந்து குரல் குடு போதும்.”

அப்படித்தான் தொடங்கியது. கிரிசல் மூடிய திரைக்கு முன்னால் நின்று, “சாண்டி, இங்க வா. பொறு. மெதுவா” என்று குரல் கொடுப்பாள். சாண்டி கேட்கும். ஆனால் வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாமல் எதைச் சொல்வது? ஆகவே எஃபி திரை இடுக்கில் ஒரு கண்ணை வைக்க வேண்டியதாயிற்று.

“இப்ப எங்கடி நிக்கிறான்?”

“வேலிகிட்ட, அக்கா.”

“உங்க வீட்டுக்காரர்?”

“ரோஜாச்செடிக்குள்ள.”

டன்லப் வகுத்த ஏற்பாடு என்பதால் மற்றப் பண்ணைகளும் ஏற்றுக்கொண்டன. முன்பெல்லாம் பெண்கள் திரையை மூடிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ஒழுக்கத்தைக் காப்பாற்றுவதற்காகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி இடுக்கு வழியே கண்கொட்டாமல் பார்த்து, நடப்பதை ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டியிருந்தது. போதகர் கார்ஃப்ரே அடக்கமில்லாத பெண்களைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை நீளமாகப் பிரசங்கம் செய்தார். அவருடைய சொந்தக் குதிரைக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றில் ஒரு குட்டியைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருக்கு வெகுநாள் ஆசை. அடுத்த வாரம் போதகர் வீட்டுத் திரையும் இறங்கியது. அதற்குப் பிறகு பெருந்தீனியைப் பற்றிப் பிரசங்கித்தார்.

வருடங்கள் போயின. மூன்று பேர் கிரிசலை மறுமணத்துக்குக் கேட்டார்கள். மூன்று பேரும் பேச்சை எடுக்குமுன் சாண்டியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்கள். கடைசியாகக் கேட்டவரிடம், “அவன்கிட்டயே கேளுங்க, அவனுக்குச் சம்மதம்னா எனக்கென்ன” என்றாள். அவர் மறுபடி வரவில்லை. அன்று அவள் சிரித்துக்கொண்டே நடந்தாள். அடுத்த பண்ணைக்குப் பாதி வழியில் சிரிப்பு நின்றுவிட்டது.

மற்றபடி அவளுக்கு ஆள் பஞ்சம் இல்லை. அந்தச் சமவெளியில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே காற்றும் புல்லும்தான். பக்கத்துப் பண்ணைப் பெண்ணை மாதக்கணக்கில் பார்க்காதவர்கள் இருந்தார்கள். கிரிசல் எல்லாச் சமையலறைக்கும் போனாள். பூவிதை, இருமல் மருந்து, தையல் மாதிரி, யாருக்குப் பிரசவம், யார் புருஷன் கை நீட்டுகிறான், எல்லாம் அவளோடு போயின. ஆண்கள் வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒழுக்கத்தைக் காத்தார்கள்.

1893 செப்டம்பரில் பெண்களுக்கும் ஓட்டு என்று சட்டம் வந்தது. தேர்தல் நவம்பரில். அதற்குள் பெண்கள் படிவம் நிரப்பிப் பட்டியலில் பேரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். டன்லப் அந்தத் தொகுதியில் வேட்பாளராக நின்றார். சட்டம் வரும்வரை, ஓட்டுக் கொடுத்தால் பெண்கள் சமையலை மறந்துவிடுவார்கள் என்று கூட்டம் போட்டுப் பேசியவர் அவர். சட்டம் வந்த பிறகு, பெண்ணின் மென்மை நாட்டைத் தூய்மைப்படுத்தும் என்று பேசினார். மனைவிமார் புருஷன் சொல்லும் பேருக்குத்தானே போடப்போகிறார்கள், ஒன்றுக்கு இரண்டு ஓட்டு என்று அவருக்குக் கணக்கு. ஆனால் அலைந்து படிவம் சேர்க்க அவருக்கு நேரமில்லை.

நகரத்தில் ஓட்டுக்காக உழைத்த பெண்கள் கிரிசலைக் கூப்பிட்டு ஒரு கட்டுப் படிவத்தைக் கொடுத்தார்கள். “பண்ணைக்குள்ளயெல்லாம் எங்களை விடமாட்டாங்க. உங்களை விடுவாங்களா?”

“என்னை விடலன்னா அவங்களுக்குக் குட்டி இல்லீங்க” என்றாள் கிரிசல்.

சாண்டியின் சேணப்பையில் ஓட்ஸுக்குப் பக்கத்தில் படிவங்கள் ஏறின. டன்லப் வீட்டில் வழக்கம்போலத் திரை இறங்கியது. எஃபி பேனாவை மையில் தோய்த்துவிட்டுத் தயங்கினாள்.

“அவருக்குத் தெரிஞ்சா என்ன சொல்வார்னு தெரியல, அக்கா. என் பேரை நான் எழுதியே எவ்வளவு நாளாச்சு.”

“இப்ப அவர் கை ரெண்டும் வேலையா இருக்கு. எழுது.”

வெளியிலிருந்து டன்லப் கத்தினார். “என்னம்மா, சத்தத்தையே காணோம்?”

“சாண்டி, பொறுடா” என்று திரையைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, கிரிசல் மை ஒற்றும் தாளை எஃபியிடம் நீட்டினாள்.

வீட்டு வேலைக்காரியும் எழுதினாள். அடுத்த பண்ணையிலும், அதற்கடுத்ததிலும் எழுதினார்கள். போதகரின் மனைவி எல்லாரையும்விட அழகான கையெழுத்தில் எழுதினாள்.

தேர்தலன்று பள்ளிக்கூட வாசலில் வண்டிகள் நிறைந்தன. தலையில் நல்ல தொப்பி வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். டன்லப் ஒவ்வொருவருக்கும் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார். அவ்வளவு பேர் பட்டியலில் இருப்பதைப் பார்த்து அவருக்கே பெருமையாக இருந்தது.

அவர் நன்றாகத் தோற்றார்.

எஃபி பிறகு கிரிசலிடம் சொன்னது இது.  வீட்டுக்கு வந்து கொட்டகையில் வண்டியை அவிழ்க்கும்போது டன்லப் கேட்டாராம்.

“நீ யாருக்குப் போட்ட?”

“அது மறைவா செய்யற காரியம்ங்க. ஆம்பளைங்க பாக்குறது அடக்கமில்ல.”

அவர் உள்ளே போனாராம். எஃபி சமைத்ததை நன்றாகச் சாப்பிட்டாராம்.

இதில் கிரிசலுக்கு நேர்ந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. அன்று அவளும் புருஷனின் கோட்டைத் துலக்கிப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றாள். அதிகாரி பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். அவள் பேர் இல்லை. படிவக் கட்டு தீர்ந்த நாளில் கடைசித் தாளை ஒரு பால்காரிக்குக் கொடுத்திருந்தாள். தனக்கு ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தவள், அடுத்த பண்ணை, அதற்கடுத்த பண்ணை என்று போனதில் மறந்தே விட்டாள். பின்னால் நின்ற பெண்கள் ஆளுக்கொன்றாக அவளுக்காக வாதாடினார்கள். அதிகாரி நல்ல மனிதர்தான். சட்டத்தைப் படித்துக் காட்டினார்.

“விடுங்கடி” என்றாள் கிரிசல். “நேரமாச்சு, மில்பர்ன்ல ஒரு பெட்டை காத்துட்டிருக்கு.” கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். அன்று மாலை மில்பர்ன் பண்ணையில் அவள் குரல் வேறு யாருடையதோ போலிருந்தது; சொன்ன எதையும் சாண்டி கேட்கவில்லை.

அடுத்த தேர்தலுக்கு ஒரு வருடம் முன்னாலேயே பதிவு அலுவலகத்தில் போய் நின்றாள். எழுத்தர் புதுசு, இளைஞன். பேரும் ஊரும் எழுதிக்கொண்டான்.

“தொழில் என்னம்மா?”

“பொலிகுதிரை நடத்துறேன்.”

அவன் பேனா நின்றுவிட்டது. “அப்படி எழுத முடியாதும்மா.”

“ஏன்? பொய்யா?”

“பொய்யில்ல. ஆனா இது பொதுப் பட்டியல். பொம்பளைங்களும் படிப்பாங்க.” கொஞ்சம் குனிந்து, தணிந்த குரலில், ஏதோ உதவி செய்பவன்போல் கேட்டான். “எல்லாப் பொம்பளைக்கும் ‘வீட்டு வேலை’ன்னுதான் போடறோம். உங்களுக்கும் அப்படியே போட்டுக்கவா?”

வெளியே கட்டியிருந்த சாண்டி கனைத்தது. கிரிசல் கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

“போட்டுக்க தம்பி. வீடு வீடாப் போய்ச் செய்யற வேலைதான்.”