கையுறை மாறிய காட்சி

ஐரீன் கோவாக் எந்தப் படத்திலும் தெரியமாட்டாள். கேமராவுக்குப் பக்கத்தில், மடக்கு நாற்காலியில், குறிப்பேட்டோடு உட்கார்ந்திருப்பாள். ஒரு காட்சியைத் துண்டு துண்டாக எடுக்கும்போது யார் எந்தக் கையில் என்ன வைத்திருந்தார், எத்தனை பொத்தான் போட்டிருந்தார் என்று எழுதிவைப்பது அவள் வேலை. கேமராவில் ஃபோகஸ் பார்த்த எனக்கு ஆரம்பத்தில் அவளைக் கண்டாலே எரிச்சல். எங்கள் ஹாலிவுட் ஸ்டுடியோவில் அவள் இருக்கும்போது நிம்மதியாக ஒரு தப்புச் செய்ய முடியாது.

நாயகி தெல்மா கார்வெல் அப்படி நினைக்கவில்லை. “ஐரீன் இல்லன்னா நான் வரல” என்று கையெழுத்துப் போடும் முன்பே சொல்லிவிடுவாள். அப்படி ஏழு படம். ஐரீனின் பிழைப்பு அந்த ஒரு வார்த்தையில்தான் ஓடியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழில் எட்டாவது படம். அதில் ஒரு காட்சியில், கணவன் செத்த செய்தியை ரயில் நிலையத்தில் கடிதத்தில் படித்து தெல்மா அழ வேண்டும். முந்தைய நாள்தான் ஃப்ரெஸ்னோவில் தங்கையைப் புதைத்துவிட்டு வந்திருந்தாள். தூரத்துக் காட்சியைக் காலையில் எடுத்தோம். மதியம், முகமும் கடிதம் பிடித்த கையும் மட்டும் நெருக்கத்தில். முதல் தடவையே அழுதாள். அது நடிப்பில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. மேலே பரணில் நின்ற விளக்குக்காரர்கள் மூக்கைச் சிந்தினார்கள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கும் கண்ணீர் கண்ணை மறைத்தது.

இயக்குநர் ப்ரன்னர் வழக்கம்போல ஐரீன் பக்கம் திரும்பினார். அவள் தலையாட்டினால்தான் அடுத்த காட்சிக்குப் போவோம்.

“என்ன கழுகுக்கண்ணி, எல்லாம் சரிதானே? ஏதாவது நொட்டை சொல்லித் தொலைக்காத.”

காலையில் தெல்மா இடது கையுறையைக் கழற்றி, அந்தக் கையில் கடிதத்தைப் பிடித்திருந்தாள். மதியம் கழற்றிய கையுறை, கடிதம் எல்லாமே வலது கையாகிவிட்டது. ஐரீன் அதைப் பார்த்துவிட்டாள். ஆனால் தெல்மா குனிந்தபடி இன்னும் விம்மிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் இன்னொரு தடவை அழு என்று எப்படிச் சொல்வது?

“சரியா இருக்கு சார்” என்றாள் ஐரீன்.

அன்று மாலையே ரயில் நிலைய அரங்கைப் பிரித்துவிட்டார்கள். மறுநாள் இரண்டு துண்டுகளையும் சேர்த்துத் திரையில் போட்டுப் பார்த்தோம். கடிதம் ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தாவியது. இருட்டில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அரங்கைத் திரும்பக் கட்ட முதலாளிகள் சம்மதிக்கவில்லை. அந்த முகத்தைப் படத்திலிருந்து வெட்டி எறிய வேண்டியதாயிற்று.

வெளியே வந்ததும் தெல்மா எங்கள் முன்னாலேயே கேட்டாள். “நீ பாக்கலையா, ஐரீன்?”

ஐரீன் பொய் சொல்லவில்லை. “பாத்தேன் மிஸ் கார்வெல். உங்களப் பாக்கப் பாவமா இருந்துச்சு. மறுபடி அழச் சொல்ல மனசு வரல.”

“அழறது என் தொழில்டி. பத்துத் தடவ கேட்டிருந்தாலும் அழுதிருப்பேன். என்னைப் பாத்துப் பாவப்பட அங்க அத்தன பேர் இருந்தாங்க. என் கையப் பாக்க நீ ஒருத்திதானே இருந்த?”

ஒன்பதாவது படத்துக்கு அவள் ஐரீனைக் கேட்கவில்லை.