திருத்தக்காரர் கேட்ட இரண்டு டைமன்

கேளாதார்போல் ஒழுகுதல் என்றோர் அறம் உண்டு. தற்செயலாய்ச் செவியில் விழுந்ததைத் தன் நலத்துக்குக் கொள்ளாது, விழவே இல்லை என்பதாய் நடந்துகொள்வது அது. பொய்யாமைக்கு வாயை அடக்கினால் போதும். இவ்வறத்துக்குச் செவியை அடக்க வேண்டும். செவிக்கோ கதவில்லை. அவ்வறத்தை வழுவாது காத்த ஒருவரை அறிவேன். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லை தேய்ப்பவர். பிரிட்ஜ் ஆடும் மன்றத்தில் அவருக்குத் 'திருத்தக்காரர்' என்று பெயர்.

பெயர் வந்த வழி எளிது. சட்டத்தில் பொருத்திய வில்லையின் ஓரத்தில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் கழற்றி மறுபடியும் சாணையில் வைப்பார். அந்தக் கை அரிப்பைச் சீட்டுக்கும் கொண்டுபோனார். பிரிட்ஜில் எதிரெதிரே அமர்ந்த இருவர் ஓர் அணி. கையில் என்ன இருக்கிறதென்று அவர்கள் ஒருவருக்கொருவர் உரைக்கலாகாது. ஏலக் கேள்விகளாலேயே உணர்த்த வேண்டும். ஒருவர் 'ஒரு நோ டிரம்ப்' என்று தொடங்கிவிட்டால், துருப்பில்லாமலே ஆடத் தக்க சமச்சீரான, வலிய கை தம்மிடம் உண்டென்று சொல்லியாயிற்று. இனி விடை சொல்ல வேண்டியவர் எதிரே இருப்பவர். அவருக்கு வாய்த்த சொற்களோ சில. அவர் கையில் வரக்கூடிய சீட்டுகளின் வகையோ எண்ணில. ஆகவே ஒவ்வொரு விடைக்கும் மறைபொருள் ஒன்றை இருவரும் முன்னமே வகுத்துக்கொள்வர். அந்த விடைமுறையைச் செப்பம் செய்வதே நம்மவருக்கு வாழ்நாள் வேள்வியாயிற்று.

வேள்விக்கு விறகானவர் மனைவி. மருத்துவமனைப் பதிவு மேசையில் நாளெல்லாம் நோயாளிகளின் சிடுசிடுப்பைக் கேட்டுவிட்டு வருபவர். டைமன், ஆட்டின், இஸ்பேட் என்னும் சீட்டினங்களின் பெயர்களை வைத்து, பாத்திரம் துலக்கும்போதும் பாடம் நடக்கும்.

"இரண்டு டைமன்?"

"ஆட்டின் அஞ்சு இருக்குன்னு அர்த்தம். நான் இரண்டு ஆட்டின் சொல்லணும்."

"அது போன வாரம். இப்ப இரண்டு டைமன்னா இஸ்பேட்."

"ஏங்க, போன வாரம் நீங்க எனக்குப் புருஷன். அதையும் திருத்திட்டீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க."

"கிண்டல் பண்ணாதே. இதுல ஏலத்துல ஒரு படி மிச்சமாகுது, பாரு."

"படி மிச்சமாகுது, சரி. என் உசிருல என்ன மிச்சமாகும்?"

ஆயினும் கற்றார். மாவட்ட அணிக்கு ஓர் இணையைத் தேர்ந்தெடுக்கும் போட்டி அந்த ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்தது. வென்ற இணை தலைநகருக்குப் போய் ஆடும். அந்த அம்மையார் பள்ளி ஓட்டப் பந்தயம் தொட்டு எதிலும் தேர்வானவர் அல்லர். இதில் தேர்வாக வேண்டுமென்ற வேட்கையைப் பதிவு மேசைத் தோழிகளிடம் ஒளிக்கவில்லை. விடுப்புக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். "சீட்டாடவா லீவு?" என்று கேட்ட தலைமை எழுத்தரிடம், "ஆமா சார், ஜெயிச்சாதான் லீவு. தோத்தா உங்க மூஞ்சியைப் பார்க்க வந்துடுவேன்" என்றாராம்.

மன்றத்தின் மேல்மாடிக் கூடம், கடைசிச் சுற்று, கடைசிக்கு முந்திய ஆட்டம். பச்சைத் துணி விரித்த மேசையில் நம் இணையே முன்னணியில் இருந்தது. எதிரணியில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவரும், வாய் திறவாத அவர் நண்பரும்.

அம்மையார், "ஒரு நோ டிரம்ப்" என்றார். நம்மவர் கையில் ஆட்டின் ஆறு. இஸ்பேட் ஒன்றே ஒன்று. தயங்காமல், "இரண்டு டைமன்" என்றார்.

பழைய பொருளில் சொல்லிவிட்டார்! தாமே மாற்றியதைத் தாமே மறந்தார். இதில் வியப்பில்லை. ஏட்டைத் திருத்தியவன் நெஞ்சில் எல்லாப் பாடபேதங்களும் நெருக்கியடித்துக் கிடக்கும். கற்றவர் நெஞ்சிலோ கடைசிப் பாடம் மட்டுமே நிற்கும்.

வங்கி மேலாளர் கேட்டார்: "ஏம்மா, இவரு சொன்னதுக்கு என்ன அர்த்தம்?" கேட்டால் விளக்க வேண்டுவது ஆட்டநெறி.

"இஸ்பேட் அஞ்சாவது இருக்கும் சார்" என்று அம்மையார் திருத்தமாய்ச் சொன்னார். முறைப்படி, "இரண்டு இஸ்பேட்" என்றார்.

அப்பொழுதே நம்மவருக்குப் பிழை விளங்கிற்று. 'பாஸ்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் சிறு இழப்போடு போயிருக்கும், முன்னணியும் நின்றிருக்கும். ஆனால் துணைவர் பிறர்க்குச் சொன்ன விளக்கத்தால் தன் பிழையை உணர்ந்தவன், உணராதவனாகவே ஆட வேண்டுமென்பது விதி. பலரும் அவ்விதியை வாயால் வணங்கிக் கையால் மீறுவர். நம்மவர் அவ்விளக்கத்தைக் கேளாதாரானார். பழைய முறையில் மனைவியின் 'இரண்டு இஸ்பேட்' என்பதற்கு, 'ஆட்டினில் எனக்கும் பெருந்துணை உண்டு' என்று பொருள். ஆகவே, "நாலு ஆட்டின்" என்றார்.

கணவரிடம் இஸ்பேட் குவிந்திருப்பதாக நம்பிய அம்மையார், அதைப் பெருவெற்றிக்கான தூண்டுதலாகக் கொண்டார். "நாலு இஸ்பேட்."

அறம் இன்னும் தம்மைக் கட்டுவதாகவே நம்மவர் கருதினார். "அஞ்சு ஆட்டின்."

கணவர் விடாமல் தூண்டுகிறார் என்றெண்ணிய அம்மையாரின் முகம் மலர்ந்தது. "ஆறு இஸ்பேட்!" இஸ்பேட்டைத் துருப்பாக்கி, பதின்மூன்று பிடிகளில் பன்னிரண்டை வெல்வோம் என்னும் சூளுரை அது.

வங்கி மேலாளர் இருமிக்கொண்டு, "டபுள்" என்றார். இழப்பு பெருகட்டும் என்பது அதன் பொருள். அனைவரும் ஓய்ந்தபின், நம்மவர் தம் சீட்டுகளை முறைப்படி மேசைமேல் விரித்தார். இஸ்பேட் வரிசையில் ஒற்றைச் சீட்டு, அதுவும் சிறியது, தனியே கிடந்தது.

அம்மையார் அதையே பார்த்திருந்தார். பிறகு, வழக்கமான மரியாதையோடு, "நன்றிங்க" என்று சொல்லி ஆடத் தொடங்கினார். தோல்வி அளவு கடந்தது. தலைநகர்ப் பயணம் அம்மேசையிலேயே மடிந்தது.

போட்டி நடுவர் வந்து, நடந்ததைக் கேட்டு, நம்மவர் கையைக் குலுக்கினார். "தம்பி, நானா இருந்தா இரண்டு இஸ்பேட்லயே வாயை மூடிக்கிட்டிருப்பேன்" என்றார் வங்கி மேலாளர், வெற்றியின் தாராளத்தோடு. கூடம் கைதட்டிற்று. தட்டிய கைகளுள் மனைவியின் கைகள் இல்லை.

திரும்பும் பேருந்தில் நம்மவர் மெல்லத் தொடங்கினார். "மறந்துட்டேன்மா. மன்னிச்சிடு."

"மறந்ததை அப்பவே மன்னிச்சிட்டேன். மனுஷன்னா மறப்பான்."

"பின்னே?"

"நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சுல்ல?"

"விழுந்துச்சு."

"விழுந்த பிறகு, எதிர்ல ஒருத்தி உக்காந்திருக்காளே, ஆசைப்பட்டு வந்தாளேன்னு ஒரு நிமிஷம் நினைச்சீங்களா?"

அவர் பேருந்துச் சீட்டை மடித்து மடித்துச் சிறிதாக்கினார்.

"நீங்க செஞ்சது தப்புன்னு என்னால சொல்ல முடியல. சொல்ல முடிஞ்சா நல்லாத் திட்டியாவது ஆறியிருப்பேன். உங்க நேர்மைக்குக் கை குலுக்கினாங்க. அதுக்கு விலை கொடுத்தது யாருன்னு ஒருத்தரும் கேட்கல. இனிமே உங்க எதிர்ல நான் உக்கார மாட்டேன். சமைப்பேன், பேசுவேன், காய்ச்சல் வந்தா கஷாயம் வைப்பேன். சீட்டு மட்டும் வேண்டாம்."

சொன்னபடியே நின்றார். அடுத்த முறை, மருத்துவமனைச் செவிலியர் ஒருவரோடு, குழந்தைக்கும் விளங்கும் இரண்டே விடைகளைக் கொண்டு ஆடித் தேர்வானார், தலைநகர் போனார், அங்கே முதற்சுற்றிலேயே தோற்று, சிரித்துக்கொண்டு திரும்பினார். அச்சிரிப்பில் தமக்குப் பங்கில்லை என்பதைக் கணவர் வாசலில் நின்று அறிந்தார். மன்றத்தில் இன்றும் நேர்மைக்கு எடுத்துக்காட்டு வேண்டின் அவரையே சொல்வர். புகழ்வார் பலர், அவர் எதிரே அமர்வார் ஒருவருமில்லை. "உங்க கூட ஆடறதுக்கு நாங்க அவ்வளவு நல்லவங்க இல்லை அண்ணே" என்று நழுவுவர். விடைமுறை ஒருவாறு குறையற்று நிறைந்துவிட்டது. அதைக் கேட்கத்தான் செவி இல்லை.

அறத்தை நொந்துகொள்ள எனக்கு நா எழவில்லை. அவ்வம்மையாரைக் குறைசொல்லவும் எழவில்லை. இறைவா, மெய் காத்தவனும் மெய்யால் காயமுற்றவளும் ஒரு கூரையின்கீழ் உறங்குகின்றனர். அம்மனையில் அடுப்பு அணையாதிருக்கட்டும், நோய் நுழையாதிருக்கட்டும், பேசாது விட்ட சொல்லெல்லாம் என்றேனும் ஒரு காலைப்பொழுதில் பேசப்படட்டும், இருவரும் நெடிது வாழ்க.