மசேபாத்தாவின் மூக்கு

முதலில் தோள்பட்டை, அப்புறம் காலர், கடைசியாகத் தொப்பி. பசுமைக்குடில் வாசலில் யார் வந்து நின்றாலும் மசேபாத்தா இந்த வரிசையில்தான் முகர்ந்து பார்ப்பாள். தும்மல் வராவிட்டால் உள்ளே விடுவாள். வந்துவிட்டால், எதிரே நிற்பவர் மந்திரியாகவே இருந்தாலும் நேராகக் குளியலறைக்குப் போக வேண்டியதுதான். "நான் சொல்லலைங்க, மூக்கு சொல்லுது. அதுகிட்ட பேசிக்குங்க" என்பாள்.

ஆண் கஞ்சாச் செடியின் மகரந்தம் அந்த மூக்குக்கு ஆகாது. ஆப்பிரிக்காவின் லெசோத்தோவில், அதுவும் மொகோட்லாங் மலையில் பிறந்துவிட்டு இப்படி ஒரு ஒவ்வாமை. சரிவெல்லாம் மக்காச்சோளம், அதற்கு நடுநடுவே கஞ்சா. அப்பாவின் வயலுக்குப் போய்க் கண் வீங்கித் திரும்பிய பெண், வெளிநாட்டில் பயிர்ப் பெருக்கம் படித்து, மரபணுத் திருத்தத்தில் டாக்டர் பட்டமும் வாங்கிக்கொண்டு, மருந்துக் கஞ்சா வளர்க்கும் பண்ணைக்கே வேலைக்கு வந்து சேர்ந்தாள். "இவ்ளோ படிச்சவ ரோஜாச் செடி பக்கம் போயிருக்கலாம்ல" என்று கணவர் இன்றைக்கும் அங்கலாய்க்கிறார். அவருக்கும் சோதனை உண்டு. மலைப்பக்கம் போய்விட்டு வந்த நாட்களில் பாவம், தனிப் படுக்கை.

பண்ணையில் இருப்பவை எல்லாமே பெண் செடிகள். ஒரு சிட்டிகை ஆண் மகரந்தம் உள்ளே பறந்தால் போதும், மொட்டுகள் மருந்துச் சத்தை மறந்துவிட்டு விதை பிடிக்க ஆரம்பித்துவிடும். ஆகவே மசேபாத்தாவுக்குப் பாம்பைவிடப் பயம், மகரந்தம் ஒட்டிக்கொள்ளும் கம்பளிப் போர்வை மேல்தான். இந்த மலையிலோ வெயில் காலத்தில்கூடப் போர்வை இல்லாமல் ஒருவரும் வெளியே கிளம்புவதில்லை. வெளிவாசலிலேயே ஆணி வரிசை அடித்து வைத்திருக்கிறாள். காலையில் வேலையாட்களின் போர்வைகளெல்லாம் அதில் தொங்கும்.

உள்ளே அவளுக்கு உதவி மொஷ்வே. முன்பு சுரங்கத்தில் வேலை பார்த்தவர், ஐம்பதைத் தாண்டியவர், கை இரண்டும் மண்வெட்டி அகலம். அந்தக் கையில் மகரந்தம் தடவும் பிரஷ்ஷைத் தர அவள் ஒருநாளும் சம்மதித்ததில்லை; முகமூடியைப் போட்டுக்கொண்டு தானேதான் தடவுவாள்.

"நீங்க மூச்சு விட்டாலே புயலடிக்குது. அந்தப் பக்கம் திரும்பி விடுங்க."

"நாளையிலேர்ந்து மூச்சை வீட்லயே வச்சுட்டு வந்துடறேன், டாக்டரம்மா."

இத்தனை கெடுபிடியும் ஒரே ஒரு செடிக்காக. இலைமேல் வெள்ளை பூத்து மொத்தக் குடிலையும் நாசமாக்கும் சாம்பல் நோய்க்கு, செடியின் மரபணு ஒன்றே கதவு திறந்துவிடுகிறது. மசேபாத்தா அந்தக் கதவின் கீலைக் கத்தரித்துவிட்டாள். கத்தரிப்பது பெரிய விஷயமில்லை. கத்தரித்த திசுவிலிருந்து முளை வரவழைப்பதுதான் உயிரை வாங்கும் வேலை. கண்ணாடிக் குடுவைகளில் எத்தனையோ பச்சைக் கட்டிகள் முரண்டுபிடித்துக் கறுத்துச் செத்தன. பிழைத்து எழுந்தது ஒன்றே ஒன்று. நோய் பிடித்த செடிகளுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தபோதும் அது துவைத்த துணி மாதிரி பளிச்சென்று நின்றது.

அந்தக் குணம் விதையில் நிலைக்க வேண்டும். அதற்கு அந்தச் செடி தன்னையே மணந்துகொள்ள வேண்டும். பெண் செடியின் ஒரு கிளையில் மட்டும் வெள்ளி கலந்த மருந்தைத் தெளித்தால் அந்தக் கிளை ஆண் பூ பூக்கும். அதன் மகரந்தத்தை எடுத்து மற்றக் கிளைகளுக்குத் தடவ வேண்டும். இடையில் வேறு மகரந்தம் புகுந்தால் எல்லாம் பாழ். "இந்தத் தடவையும் சுத்தமான விதை வரலைன்னா ஆய்வகத்தை மூடிட்டு அங்க பாக்கெட் போடற மிஷினை வச்சுடுவேன்" என்று முதலாளி முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மகரந்தம் பக்குவமான காலையில், வெயில் ஏறுமுன் தடவிவிட வேண்டும் என்று அவள் பரபரத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஊர்த்தலைவர் லெட்லாட்சா குதிரையில் வந்து இறங்கினார். பண்ணை நிற்பதே அவர் தந்த நிலத்தில். தோளில் பழுப்புப் போர்வை. அவர் வீட்டைச் சுற்றி ஆண் கஞ்சா பூத்துக் கொட்டிக்கொண்டிருந்த பருவம். அவர் வேலியருகே வரும்போதே மசேபாத்தாவின் மூக்கு நமநமத்தது. தலைவரின் போர்வையைக் கழற்றச் சொல்வது, சபை நடுவில் அவர் உடுப்பை உருவுவதற்குச் சமம்.

"எங்கம்மா அந்த நோய் தொடாத செடி? பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் தலையைத் தாழ்த்தி, தலைவருக்குரிய மரியாதை விளியோடு தொடங்கினாள். "மொரேனா, இன்னிக்கு அது செடி இல்ல, கல்யாணப் பொண்ணு. நீங்க இந்த ஊருக்கே அப்பா. அப்ப அதுக்கு மாமனார் முறை ஆகுது."

இந்த மலை வழக்கப்படி, புது மருமகள் இருக்கும் குடிசைக்குள் மாமனார் கால் வைக்கக்கூடாது. வைத்தவர்களைச் சபையில் நிறுத்தி அபராதம் விதிப்பவரே லெட்லாட்சாதான். வசமாக மாட்டிக்கொண்டார். தாடியைத் தடவினார்.

"மாப்பிள்ளை யாரு?"

"அவளேதான், மொரேனா."

"அப்ப பொண்ணுக்குப் பரிசமா வர்ற மாட்டை யாரு யாருக்குக் குடுக்கறது?"

"இந்தக் கிளை அந்தக் கிளைக்குக் குடுத்துக்கும்."

தலைவர் சிரித்த சிரிப்பில் குதிரை மிரண்டது. நாற்காலி போடச் சொல்லி, கண்ணாடிச் சுவருக்கு வெளியே உட்கார்ந்து, முறை தவறாமல் தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டு அதன் விளிம்புக்கடியில் உள்ளே பார்த்தார். உள்ளே போகுமுன் குளித்துவிட, மசேபாத்தா நிம்மதியாகக் குளியலறைப் பக்கம் திரும்பினாள்.

"நில்லும்மா. மருமகளை வெறுங்கையோட பாக்கலாமா?" தலைவர் தானாகவே போர்வையைக் கழற்றினார். அதை அவள் தோளில் போர்த்தி, மார்பருகே ஊசியும் குத்திவிட்டார். "பொண்ணைப் பெத்தவ நீ. அவளுக்குப் பதிலா நீ போத்திக்க. கல்யாணம் முடியறவரைக்கும் எடுக்காத."

பழக்கத்தில் கதவுப் பிடிக்கு நீண்ட கையைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டாள். அவள் வைத்த சட்டப்படி இப்போது உள்ளே போகக்கூடாத ஆள் அவள்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மொஷ்வே மட்டும். பிரஷ்ஷை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். அவர் தன் நெஞ்சைத் தொட்டு, "நானா?" என்று வாயசைத்தார். அப்புறம் அதை இரண்டு விரலால் எடுத்து, கன்னம் உப்ப மூச்சை அடக்கிக்கொண்டு ஆண் கிளையருகே குனிந்தார்.

இங்கே மூக்குக்குள் எறும்பு ஊர்ந்தது. தலைவர் போர்த்திய போர்வையில், தலைவர் முன்னாலேயே தும்முவதா? பல்லைக் கடித்துக்கொண்டாள். மூக்குக்கு மறுக்கப்பட்டது கண்ணில் வழிந்தது. கன்னம் நனைந்து தாடையில் சொட்டியது.

"அழாதம்மா" என்றார் லெட்லாட்சா. அவர் குரலும் கரகரத்தது. "பொண்ணைக் குடுக்கறப்ப எல்லாத் தாயும் இப்படித்தான்."

இது அழுகை இல்லை, ஒவ்வாமை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உள்ளே அந்தப் பெரிய கை மெல்ல இறங்கி, பிரஷ் நுனி பூவைத் தொட்டுவிட்டது. மசேபாத்தா வாயை மூடிக்கொண்டாள். மார்பில் குத்தியிருந்த போர்வையின் முனையை எடுத்து, இரண்டு கண்ணையும் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.